தொட்டி நிரம்பியும் நிற்காத மோட்டார்: அல்ட்ராசோனிக் சென்சாரின் குருட்டு எல்லை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வீடும் தொட்டியும்

மதுரைப் புறநகரில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டு உரிமையாளர், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. ஆழ்துளைக் கிணற்றில் 1 குதிரைத்திறன் ஒற்றைப் பேஸ் நீர்மூழ்கி மோட்டார். அதன் ஸ்டார்ட்டர் பெட்டி கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், வழிகுழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஓடுவதும் அந்த வீட்டில் வழக்கம்.

உரிமையாளரின் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிப்பவர். அவரும் ஒரு வகுப்புத் தோழரும் சேர்ந்து, தொட்டியின் மட்டத்தை அளந்து கைபேசியில் காட்டவும், மோட்டாரைத் தானாகப் போட்டு அணைக்கவும் ஒரு கருவி செய்ய முன்வந்தார்கள். தொடக்கத்திலேயே உரிமையாளர் கேட்டது இது: "ஏம்ப்பா, மிதவை சுவிட்ச் ஒண்ணு மாட்டுனா முடிஞ்சுபோற வேலைதானே?" நியாயமான கேள்விதான். நிறைந்தால் நிறுத்து, குறைந்தால் ஓட்டு என்பது மட்டும் போதுமென்றால் மிதவை சுவிட்சே போதும். எத்தனை லிட்டர் இருக்கிறது என்று இரண்டு வீட்டாருக்கும் தெரிய வேண்டும் என்பதால்தான் சென்சார் தேவைப்பட்டது. ஆனால் சென்சார் வந்துவிட்டது என்பதற்காக மிதவையைக் கைவிட்டார்கள். பின்னால் நடந்தவற்றில் பாதி இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

வேலையைத் தொடங்குமுன் தொட்டியை டேப் வைத்து அளந்தார்கள். உட்புற விட்டம் 108 செ.மீ. ஆகவே 1 செ.மீ. உயரத் தண்ணீர் ஏறத்தாழ 9 லிட்டர். மூடியின் அடிப்பக்கத்திலிருந்து தொட்டியின் தரைவரை 122 செ.மீ. வழிகுழாயின் வாய் தரையிலிருந்து 104 செ.மீ. உயரத்தில் இருந்தது. அதாவது தொட்டி முழுக்க நிறையும்போது மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே 18 செ.மீ. மட்டுமே இருக்கும். இந்த 18 என்ற எண்ணைக் குறித்துவைத்தார்கள். அது எவ்வளவு முக்கியமான எண் என்று அப்போது யாருக்கும் படவில்லை.

முதல் வடிவம்

சென்சார் எச்.சி-எஸ்.ஆர்.04. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் வகை. இரண்டு கண்களோடு எல்லாக் கடையிலும் கிடைப்பது. அதன் டிரிக்கர் முனைக்கு 10 மைக்ரோவினாடித் துடிப்பு ஒன்று கொடுத்தால், 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு அலைகளை வெளிவிடும். பிறகு எக்கோ முனை உயர்ந்து, எதிரொலி திரும்பும்வரை உயர்ந்தே நிற்கும். அந்த நேரத்தை மைக்ரோவினாடியில் அளந்து 58ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். ஒலி போய்த் திரும்புவதால் பாதித் தூரம்தான் கணக்கு. 58 என்ற எண்ணுக்குள் அந்தப் பாதியும் அடங்கிவிடுகிறது.

கட்டுப்படுத்தும் போர்டு இ.எஸ்.பி.8266 சில்லு வைத்த நோட்எம்சியு. அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை, சென்சாரின் எக்கோ 5 வோல்ட். இடையில் 1 கிலோ ஓம் மின்தடையும், தரை இணைப்புக்கு 2 கிலோ ஓமும் வைத்து மின்னழுத்தத்தைப் பிரித்தார்கள். 5 வோல்ட் 3.33 ஆகிவிடும். 2 கிலோ ஓம் கைவசம் இல்லாததால் 1 கிலோ ஓம் இரண்டைத் தொடரில் போட்டார்கள். அதில் தவறில்லை.

தவறு கம்பியில் இருந்தது. போர்டைக் கீழே ஸ்டார்ட்டர் பக்கத்தில் வைத்து, சென்சாருக்கு மட்டும் 12 மீட்டர் நெட்வொர்க் கேபிளை மாடிக்கு இழுத்தார்கள். மோட்டார் கிளம்பும் நொடியிலெல்லாம் பொய்த் துடிப்பு. டிரிக்கரும் எக்கோவும் ஒரே கேபிளில் அவ்வளவு தூரம் பக்கம் பக்கமாக ஓடினால் ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் தெரியும். ஸ்டார்ட்டருக்குள் மோட்டாரின் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் தட்டும்போது எழும் மின் இரைச்சல் வேறு. இதைச் சரிசெய்ய ஒரு நோட்எம்சியுவை மாடியில் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்தார்கள். கீழே இன்னொன்று. இரண்டும் வைஃபையில் பேசிக்கொள்ளும். அளப்பது மேல் போர்டு, ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சை) இயக்குவது கீழ் போர்டு. இந்த மாற்றம் கடைசிவரை நின்றது.

ரிலேயை மோட்டார் லைனில் நேரடியாக வைக்கவில்லை என்பது நல்ல முடிவு. 10 ஆம்பியர் என்று அச்சிட்ட சின்ன நீல ரிலே, கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் மோட்டாருக்குத் தாங்காது, முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே கான்டாக்டர் இருந்தது. பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே, சிவப்புப் பொத்தானோடு தொடரில் ஒரு ரிலே. ஒன்றை ஒரு நொடி தட்டினால் மோட்டார் ஓடும், மற்றொன்றைத் தட்டினால் நிற்கும். 230 வோல்ட் வேலையை ஒரு எலக்ட்ரீசியன் செய்துகொடுத்தார்.

பார்க்கச் சுத்தமான அமைப்பு. ஆனால் ஒரு தடவை கிளம்பிய மோட்டாரை நிறுத்த வேண்டுமென்றால் போர்டு உயிரோடு இருந்து, வைஃபை வேலை செய்து, நிறுத்து என்ற கட்டளை வந்து சேர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

மதியம் தானாகக் கூடிய தண்ணீர்

முதலில் கண்ணில் பட்டது வெப்பத்தின் விளைவு. காலையில் பாதியளவு இருந்த தொட்டி, மோட்டார் ஓடாமலேயே மதியம் 20 லிட்டர் கூடியதாகக் காட்டியது.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். சுழிய டிகிரியில் நொடிக்கு 331.3 மீட்டர், அதற்குமேல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.606 மீட்டர். காலையில் 26 டிகிரியில் அது 347. கறுப்புத் தொட்டிக்குள் மதியம் 42 டிகிரி ஆகும்போது 357. நிரலில் இருந்த 58 என்ற எண்ணோ நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்துக்கொண்ட கணக்கு. தண்ணீர் 80 செ.மீ. கீழே இருந்தால் காலையில் 79.5 என்றும், மதியம் 77.3 என்றும் காட்டும். 2.2 செ.மீ. வித்தியாசம்தான் அந்த 20 லிட்டர்.

டி.எஸ்.18பி.20 வெப்ப உணரி ஒன்றை மூடியின் அடியில் ஒட்டி, வேகத்தை ஒவ்வொரு தடவையும் கணக்கிட்டார்கள். பிழை குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை. மூடிக்கு அருகே காற்று கொதிக்கும், தண்ணீர்ப் பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். ஒலி இரண்டின் வழியாகவும் போகிறது. மூடியின் வெப்பத்தை மட்டும் எடுத்தால் திருத்தம் சற்று மிகையாகிவிடும். பாதி உயரத்தில் உணரியைத் தொங்கவிடலாம், ஆனால் தண்ணீர் ஏறும்போது அது மூழ்கும். 1 செ.மீ. பிழையோடு விட்டுவிட்டார்கள். குடிதண்ணீர்த் தொட்டிக்கு அது போதும்.

இந்த வேலைக்கு அவர்கள் செலவழித்த நேரம் அதிகம் என்றே சொல்ல வேண்டும். வெப்பப் பிழை தூரத்துக்கு ஏற்பக் கூடிக் குறைவது. தொட்டி நிறையும் இடத்தில், 18 செ.மீ. தூரத்தில், அது ஏறத்தாழ அரை செ.மீ.தான். மோட்டாரை நிறுத்தும் முடிவுக்கு வெப்பத்தால் ஆபத்தே இல்லை. கைக்கு எளிதாகக் கிடைத்த பிழையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பெரிய பிழை இரண்டு நிரலுக்குள் பேசாமல் கிடந்தன.

சென்சார் செத்ததும், அதை "நிறைவு" என்று படித்த நிரலும்

எச்.சி-எஸ்.ஆர்.04 ஈரமில்லாத இடத்தில் பயன்படுத்தச் செய்யப்பட்டது. அதன் கண்களின் முன்பக்கம் வலைதான், பின்பக்கம் திறந்த போர்டு. இரவில் மூடியின் அடியில் நீர்த்துளி கோக்கும். சில வாரங்களில் முனைகளில் பச்சைப் படலம் ஏறி, ஒரு நாள் எக்கோ வருவது நின்றுபோனது.

விளைவு விசித்திரமாக இருந்தது. மோட்டார் கிளம்பவே இல்லை. காலையில் மாடி வீட்டில் தண்ணீர் இல்லை, கைபேசியிலோ தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டியது.

காரணம், எக்கோ முனை உயர்ந்திருக்கும் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் என்ற கட்டளையில் இருக்கிறது. எதிரொலி வராமல் காத்திருப்பு நேரம் முடிந்தால் அது சுழியத்தைத் திருப்பித் தரும். சுழியத்தை 58ஆல் வகுத்தாலும் சுழியமே. தூரம் 0 செ.மீ., அதாவது தண்ணீர் மூடியைத் தொட்டுவிட்டது என்று நிரல் எடுத்துக்கொண்டது. "22 செ.மீ.க்குக் குறைந்தால் நிறுத்து" என்ற வரிக்கு 0 நன்றாகப் பொருந்தியது. விடை வரவில்லை என்பதை ஒரு விடையாக எடுத்துக்கொண்டதுதான் இங்கே பிழை. அல்ட்ராசோனிக் சென்சார் பயன்படுத்தும் மாதிரி நிரல்களில் பெரும்பாலானவற்றில் இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

அதே கட்டளையின் காத்திருப்பு நேரம், தனியே குறிப்பிடாவிட்டால், ஒரு முழு நொடி. ஒன்றரை மீட்டர் தொட்டிக்கு எதிரொலி 9 மில்லிவினாடிக்குள் வந்துவிடும். 15,000 மைக்ரோவினாடி என்று வைத்தாலே இரண்டரை மீட்டர்வரை அளக்கலாம். ஆனால் காத்திருப்பைக் குறைத்தால் அடுத்த டிரிக்கரை உடனே கொடுக்கக் கூடாது. எதிரொலி கிடைக்காத சென்சார் எக்கோ முனையைத் தன் பங்குக்கு 38 மில்லிவினாடியோ, சில நகல் போர்டுகளில் அதைவிட அதிகமோ, உயர்த்தியே வைத்திருக்கும். இரண்டு அளவீடுகளுக்கு இடையில் 60 மில்லிவினாடி விடச் சொல்லும் தரவுத்தாளை மீறாமல் 100 விட்டால் நிம்மதி.

மாற்றுச் சென்சார், மேசைச் சோதனை

அடுத்து வாங்கியது ஜே.எஸ்.என்-எஸ்.ஆர்.04டி. கார்களின் பின்பக்க பம்பரில் இருக்குமே, அதே வகை. ஒரே கண், முன்பக்கம் மூடிய உலோகம், தண்ணீர் புகாது. கண்ணுக்கும் போர்டுக்கும் இடையே 2.5 மீட்டர் கேபிள் சேர்ந்தே வரும். அந்தக் கேபிளை வெட்டி நீட்டக் கூடாது. எதிரொலியின் மிகச் சிறிய மின்னழுத்தம் அதில்தான் வருகிறது. போர்டை மாடிப் பெட்டிக்குள் நோட்எம்சியு பக்கத்தில் வைத்து, அதன் 5 வோல்ட் முனைகளில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டார்கள். ஒவ்வொரு ஒலித் துடிப்பின்போதும் அந்தப் போர்டு சட்டென்று மின்னோட்டம் இழுப்பதால் இது உதவும். டிரிக்கர் துடிப்பை 10இலிருந்து 20 மைக்ரோவினாடியாகக் கூட்டினார்கள். இந்த வகையில் சில போர்டுகள் 10ஐக் கவனிப்பதில்லை.

எச்.சி-எஸ்.ஆர்.04க்கும் இதற்கும் இணைப்பு முனைகள் ஒன்றே, நிரலும் ஒன்றே. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழையதில் பேச ஒரு கண், கேட்க ஒரு கண். 2 செ.மீ. வரை அளக்கும். புதியதில் பேசுவதும் கேட்பதும் ஒரே தகடு. துடிப்பை அனுப்பியபின் தகடு கொஞ்ச நேரம் தானாக அதிர்ந்துகொண்டிருக்கும், கோயில் மணியை அடித்தபின் ரீங்காரம் நீடிப்பதுபோல. அந்த அதிர்வு அடங்கும்வரை வரும் எதிரொலியைப் போர்டு கேட்காது. ஆகவே 20 முதல் 25 செ.மீ.க்குள் இருக்கும் எதையும் அது அளக்காது. இதைத்தான் குருட்டு எல்லை என்கிறோம். தரவுத்தாளில் குறைந்தபட்சத் தூரம் என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள்.

நிறைந்த தொட்டியில் தண்ணீர் 18 செ.மீ. தூரத்தில். சென்சார் அளக்கத் தொடங்குவதோ 20க்கு மேல். நிறுத்தும் எல்லை 22 என்றே விடப்பட்டது.

மேசைமேல் சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை? சென்சாரைக் கையில் பிடித்து, உள்ளங்கையை 10 செ.மீ. அருகே கொண்டுபோனார்கள். ரிலே "டக்" என்று நின்றது. சோதனை வெற்றி என்று குறித்துக்கொண்டார்கள். உண்மையில் நடந்தது வேறு. கை குருட்டு எல்லைக்குள் இருந்ததால் எதிரொலி கிடைக்கவில்லை, பல்ஸ்இன் சுழியம் தந்தது, பழைய நிரல் அதை நிறைவு என்று எடுத்து நிறுத்தியது. தவறான காரணத்தால் கிடைத்த சரியான விளைவு.

அதற்குப் பிறகுதான் சுழியப் பிழையை நிரலில் திருத்தினார்கள். சுழியம் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு, மோட்டார் முன்பு இருந்த நிலையிலேயே தொடரட்டும் என்று எழுதினார்கள். மாடி வீட்டுக்கு மறுபடி தண்ணீர் இல்லாமல் போகக் கூடாது என்பது நோக்கம். மேசையில் சோதித்தது ஒரு நிரல், மாடிக்குப் போனது வேறொரு நிரல். மறுசோதனை நடக்கவில்லை.

சம்பவ இரவு

மே மாதத்தில் ஒரு நாள் மாலை உரிமையாளர் குடும்பம் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது. தண்ணீர் மூடியிலிருந்து 80 செ.மீ.க்குக் கீழே இறங்கியதும் மோட்டார் தானாகக் கிளம்பியது. அதுவரை புதிய சென்சாரோடு தொட்டி முழுக்க நிறைந்ததில்லை. வீட்டில் ஆள் இருந்த நாட்களில் பழக்கத்தால் முன்கூட்டியே கையால் அணைத்துவந்தார்கள்.

இரவு வெகு நேரம் கழித்து, மாடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு வாடகைக்கு இருப்பவர் கீழே வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. மோட்டாருக்குச் சேதமில்லை. மறுநாள் கிணற்றுத் தண்ணீர் கலங்கி வந்தது, தெளிய இரண்டு நாள் பிடித்தது.

பதிவில் இருந்தது

மேல் போர்டு ஒவ்வொரு 10 நொடிக்கும் அளவைப் பதிந்து வைத்திருந்தது. இந்தப் பதிவு இல்லாவிட்டால் காரணம் கண்டுபிடித்திருக்க முடியாது. மட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வீதம் சீராக ஏறியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு எண்ணாக எடுத்தால், சென்சாரிலிருந்து தண்ணீர்வரை தூரம் 30, 28, 26, 24. அதன்பின் 23, 46, 24, 46, 45, 23, 44 என்று மாறி மாறி வந்தது. பிறகு மெல்ல இறங்கி 36இல் போய் நின்றுவிட்டது. மோட்டாரை அணைக்கும்வரை 36, 36, 36.

மாணவர்களின் முதல் ஊகம், தண்ணீர் விழும் வேகத்தில் பரப்பு அலம்பி எதிரொலி சிதறுகிறது என்பது. அப்படியானால் எண்கள் சிதற வேண்டும், ஒரே எண்ணில் நிற்காது. 36 என்பது 18இன் சரியான இரட்டிப்பு. அதைக் கவனித்ததும் விஷயம் வெளிச்சமானது.

முதல் எதிரொலி குருட்டு எல்லைக்குள் வந்து, கேட்கப்படாமல் போகிறது. ஆனால் ஒலி அங்கே முடிவதில்லை. மேலே வந்து மூடியில் மோதி, மறுபடி கீழே போய்த் தண்ணீரில் பட்டு, இரண்டாம் முறை திரும்புகிறது. அதற்குள் தகட்டின் அதிர்வு அடங்கியிருக்கும். சென்சார் அதைத்தான் முதல் எதிரொலி என்று எண்ணி அளக்கிறது. இரண்டு மடங்கு நேரம், இரண்டு மடங்கு தூரம். தூசு போகாமலிருக்க மூடியின் அடியில் 20 செ.மீ. சதுர அக்ரிலிக் தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் நடுவில்தான் சென்சாரை மாட்டியிருந்தார்கள். அசையாத தண்ணீர்ப் பரப்பும் வழவழப்பான தகடும் எதிரெதிரே. இரண்டாம் எதிரொலிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? மேசையில், கையில் பிடித்த சென்சாருக்குப் பின்னால் அப்படியொரு தகடு இல்லை. அதனால் அங்கே இந்த இரட்டிப்பு தெரியவில்லை.

எடுத்த முடிவுகள்

அன்றே செய்த தற்காலிக ஏற்பாடு, நிறுத்தும் எல்லையை 22இலிருந்து 30 செ.மீ. ஆக்கியது. குருட்டு எல்லையை எட்டுமுன்பே மோட்டார் நின்றுவிடும். விலை, வழிகுழாய்க்குக் கீழே 12 செ.மீ., ஏறத்தாழ 110 லிட்டர் கொள்ளளவு வீண். கோடையில் அந்த 110 லிட்டர் வேண்டும் என்று இரு வீட்டாரும் சொன்னதால் நிரந்தரத் தீர்வு தேடப்பட்டது.

முதலில் அந்தப் போர்டின் குருட்டு எல்லையை நேரில் அளந்தார்கள். 40 செ.மீ. ஆழமுள்ள டிரம் ஒன்றின் வாயில் பலகை வைத்து, அதில் சென்சாரைப் பொருத்தி, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி, அளவுகோல் காட்டும் தூரத்தையும் சென்சார் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்கள். 24 வரை ஒத்துப்போனது. 23இல் தடுமாறியது. அதற்குக் கீழே இரட்டிப்பு. 23 என்பது இந்த ஒரு போர்டுக்கான எண். அதே பெயரில் விற்கும் வேறு பதிப்புகளில் மாறும்.

பிறகு சென்சாரை உயர்த்தினார்கள். 160 மி.மீ. பி.வி.சி. குழாயில் 15 செ.மீ. துண்டு வெட்டி, மேலே எண்ட் கேப் போட்டு, அதன் நடுவில் துளையிட்டுச் சென்சாரைப் பொருத்தி, மூடியின்மேல் நிறுத்தினார்கள். இப்போது நிறைந்த தொட்டியில் தண்ணீர் 33 செ.மீ. தூரத்தில், குருட்டு எல்லையிலிருந்து 10 செ.மீ. தள்ளி. முன்பு 22 என்றிருந்த நிறுத்தும் எல்லை 37, கிளம்பும் எல்லை 95.

முதல் தடவை மாட்டியபோது தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் 30 என்றே காட்டியது. மூடியில் வெட்டிய ஓட்டை 12 செ.மீ. அகலம், குழாயோ 16. குழாயின் அடியில் வளையமாக 2 செ.மீ. விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. 15 செ.மீ. தூரத்து விளிம்பின் முதல் எதிரொலி குருட்டு எல்லைக்குள் மறைந்து, இரண்டாவது 30இல் வந்தது. பாடம் படித்திருந்ததால் இம்முறை உடனே புரிந்தது. ஓட்டையைக் குழாயின் உள்விட்டத்துக்கு அகலப்படுத்தி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்ததும் சரியானது. குறுகிய குழாயைத் தேர்ந்தெடுக்காததற்கும் இதுவே காரணம். சென்சாரின் ஒலிக் கூம்பு அகலமானது, 75 மி.மீ. குழாய் போட்டால் சுவரிலேயே அதில் பெரும்பகுதி மோதும்.

நிரலில் செய்தவை

ஒரு சுற்றுக்கு ஏழு அளவீடுகள், 100 மில்லிவினாடி இடைவெளியில். சுழியமும், 25க்குக் குறைந்ததும், 145க்கு மேற்பட்டதும் கழிக்கப்படும். குறைந்தது ஐந்து மிஞ்சினால் அவற்றை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்கும், இல்லையென்றால் அந்தச் சுற்று "அறியாது". சராசரி எடுக்கவில்லை. 25, 25, 24, 47, 25 ஆகியவற்றின் சராசரி 29.2. நடு எண் 25.

ஆனால் நடு எண் வடிகட்டி அந்த இரவைக் காப்பாற்றியிருக்காது. ஏழு தடவையும் 36 வந்தால் நடு எண்ணும் 36தான். சிதறும் பிழையை வடிகட்டி போக்கும், நிலைத்து நிற்கும் பிழையைப் போக்காது. பிந்தியதற்கு வேண்டியது இயற்பியல் கேள்வி: இந்தத் தொட்டியில் இது நடக்குமா? நிமிடத்துக்கு 2 செ.மீ. ஏறும் தொட்டி பத்து நொடியில் 23 செ.மீ. இறங்காது. ஆகவே அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையே 5 செ.மீ.க்கு மேல் மாறினால் அதுவும் "அறியாது". இங்கே ஒரு பொறி உண்டு. பலரும் இப்படிப்பட்ட எண்ணைச் சில தடவை ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து வந்தால் உண்மை என்று ஏற்பார்கள். அப்படிச் செய்திருந்தால் 36 மறுபடி உள்ளே நுழைந்திருக்கும். மோட்டார் ஓடும்போது "அறியாது" மூன்று சுற்று தொடர்ந்தால் நிறுத்து என்பது இவர்கள் வைத்த விதி. மறுபடி தொடங்க, ஒத்துப்போகும் பத்துச் சுற்றுகள் வேண்டும்.

மேலும் இரண்டு காவல். மோட்டார் ஒரே மூச்சில் 45 நிமிடத்துக்கு மேல் ஓடாது, 95இலிருந்து 37 வரை நிறைய 29 நிமிடம் போதும். ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மட்டம் 3 செ.மீ.கூட ஏறாவிட்டாலும் நிற்கும். கிணறு வற்றினாலும் சரி, சென்சார் ஒரே எண்ணில் உறைந்தாலும் சரி, இந்த விதி பிடித்துவிடும்.

ரிலே இணைப்பும் மாறியது. தட்டும் ரிலே இரண்டையும் எடுத்துவிட்டு, கான்டாக்டரை இழுக்கும் கம்பிச்சுருளான காயிலோடு தொடரில் ஒரே ரிலே. அது ஈர்க்கப்பட்டிருக்கும்வரைதான் மோட்டார் ஓடும். கீழ் போர்டு உறைந்தால் அதன் காவல் டைமர் அதை மறுதொடக்கம் செய்யும், ரிலே விழும். மேல் போர்டிலிருந்து 30 நொடி செய்தி வராவிட்டாலும் விழும். செயலிழந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை இப்போதுதான் தீர்மானித்தார்கள். தண்ணீர் இல்லாமல் போனால் யாராவது கையால் போடுவார்கள். நிற்காமல் ஓடுவதைப் பார்க்க ஆள் இருக்க மாட்டார்.

கடைசியாக, உரிமையாளர் முதல் நாள் கேட்ட மிதவை சுவிட்ச். வழிகுழாய்க்கு 2 செ.மீ. கீழே திறக்கும்படி கட்டினார்கள். நிரலோடு அதற்குத் தொடர்பே இல்லை. தொட்டிக்குள் 230 வோல்ட்டை இறக்காமல், 12 வோல்ட் சுற்றில் மிதவையை வைத்து, அது இயக்கும் தனி ரிலேயின் முனையைக் காயிலோடு தொடரில் சேர்த்தார் எலக்ட்ரீசியன். தொட்டி நிறைந்தாலும் கம்பி அறுந்தாலும் சுற்று திறந்து மோட்டார் நிற்கும்.

பின்னர் நடந்தது

மழைக்காலம்வரை தொட்டி வழியவில்லை. டேப்போடு ஒப்பிட்டபோது காலையில் 1 செ.மீ.க்குள்ளும், வெயில் நேரத்தில் 2 செ.மீ.க்குள்ளும் ஒத்துப்போனது. மிதவை ஒரே ஒரு தடவை வேலை செய்தது, அதுவும் வேண்டுமென்றே நிறுத்தும் எல்லையை மாற்றிச் சோதித்தபோது.

தீராத தொல்லை ஒன்று உண்டு. விடியற்காலையில் சென்சாரின் முகத்தில் பனித்துளி கோத்து, "அறியாது" என்ற சுற்றுகள் கூடுகின்றன. அந்த நேரத்தில்தான் இரு வீட்டிலும் தண்ணீர் செலவு அதிகம். துளி சொட்டியதும் அளவு தானாகத் திரும்பிவிடுகிறது, ஆனால் அதுவரை மோட்டார் கிளம்பாது. இதற்காகப் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தவில்லை. அதற்குப் பதில், தொட்டி முக்காலுக்குக் குறைவாக இருந்தால் இரவு 9 மணிக்கே ஒரு தடவை நிரப்பிவிடும்படி வைத்தார்கள்.

மறுபடி செய்தால் மாற்றுவது

சென்சாரை வாங்குமுன் அதன் குறைந்தபட்சத் தூரத்தையும், நிறைந்த தொட்டியின் 18 செ.மீ.யையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது முதல் மாற்றம். வித்தியாசம் 10 செ.மீ.யாவது இல்லையென்றால் உயர்த்தும் குழாயை முதல் நாளே போட வேண்டும். தண்ணீருக்கு லேசர் தூர உணரி மாற்று ஆகுமா என்று யோசித்தார்கள். வி.எல்.53எல்.0எக்ஸ் போன்றவை அகச்சிவப்பு ஒளியால் அளப்பவை, தெளிந்த தண்ணீர்ப் பரப்பு அந்த ஒளியில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அதனால் கைவிட்டார்கள்.

சோதனையும் மாறும். உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பது போதாது. சென்சார் எந்த மூடியில், எந்தத் தகட்டில் உட்காரப்போகிறதோ அதோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். அதுவும் மாடிக்குப் போகும் அதே நிரலோடு. மாடியிலும், ஒருவர் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நிற்க, தொட்டியை ஒரு தடவை வழிகுழாய்வரை நிரப்பி, எண்கள் கடைசி 15 செ.மீ.யில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பதிவைப் படிக்க வேண்டும். பிறகு எக்கோ கம்பியைக் கழற்றி, மேல் போர்டின் மின்சாரத்தை நிறுத்தி, வைஃபையை அணைத்து, மூன்று தடவையும் மோட்டார் தானாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.